டெரி பிராட்செட்டை அவருடைய நோய்க்காலத்தில் வாசித்தல்

நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர்மீது வாசகர் கொள்ளும் பற்று, பிற எழுத்தாளர்களிடம் கொள்ளும் மதிப்பிலிருந்து சற்று வேறுபட்டது. துயர நாவல்களை எழுதியவரைத் தள்ளி நின்று போற்றும் அதே வாசகர், தம்மைச் சிரிக்கவைத்தவரிடம் உரிமை கொண்டாடுகிறார். காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் இரவு இரயிலிலும் அவருடைய புத்தகங்களையே மறுபடியும் எடுக்கிறார். பிடித்த பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். அத்தகைய எழுத்தாளருக்குத் தீராத நோய் என்று தெரியவரும்போது, அதுவும் அந்நோய் சொல்லும் சிந்தனையும் பிறக்கும் மூளையையே அரிப்பது என்று அறியும்போது, வாசகருக்கு உண்டாகும் கலக்கம் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததற்கு ஒப்பானது. ஆனால் உறவினருக்குரிய கடமையும் உரிமையும் அவருக்கு இல்லை. ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராட்செட் (1948–2015), அல்சைமர் நோயின் அரிய வகை ஒன்று தம்மைப் பற்றியிருப்பதாக 2007 டிசம்பரில் அறிவித்தபோது, அவருடைய வாசகர்கள் இந்த நிலையில்தான் இருந்தனர். அப்போது அவருக்கு வயது 59. அதன்பின் அவர் வாழ்ந்த ஏழாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அவ்வாசகர்கள் எதைக் கண்டனர், அவரை எவ்வாறு படித்தனர், அந்த வாசிப்பில் எது நியாயமாக அமைந்தது என்பவற்றை நினைவுகூர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பிராட்செட்டின் புகழ் முதன்மையாக 'டிஸ்க்வேர்ல்ட்' என்னும் நாவல் வரிசையால் வந்தது. தட்டு வடிவிலான உலகம் என்பது இப்பெயரின் பொருள். அண்டவெளியில் நீந்திச் செல்லும் பேராமை ஒன்றின் முதுகில் நான்கு யானைகள் நிற்க, அவற்றின் மேல் அவ்வுலகம் அமர்ந்திருக்கிறது. கூர்மத்தையும் எண்திசை யானைகளையும் புராணக் கதைகளின் வழியே அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆமையின் மேல் யானை, யானையின் மேல் உலகம் என்னும் கற்பனையை இந்தியருடையது என்றே ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வந்துள்ளன. 1983இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' தொடங்கி, மறைவுக்குப் பின் 2015இல் வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' வரை இவ்வரிசையில் 41 நாவல்கள் உள்ளன. தொடக்க நூல்கள், மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் உலவும் மிகுபுனைவுக் கதைகளின் தேய்ந்துபோன வழக்கங்களைக் கேலிசெய்தன. ஐந்தாறு நூல்களுக்குள் அந்தக் கேலி பின்னுக்குச் சென்று, ஆங்க்-மார்போர்க் என்னும் நெரிசல் மிக்க, அழுக்கடைந்த, ஆயினும் உயிர்த்துடிப்புள்ள நகரம் முன்னால் வந்தது. ஒரு நகரத்துக்குக் காவல்துறை எப்படி உருவாகிறது, செய்தித்தாள் எப்படிப் பிறக்கிறது, அஞ்சலகமும் வங்கியும் எதை நம்பி நடக்கின்றன, மதம் தன் கடவுளையே எப்போது மறந்துவிடுகிறது, போர்வெறி ஒரு மக்கள் கூட்டத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறது என்று, ஒரு சமூகவியலாளர் கேட்கத்தக்க வினாக்களையெல்லாம் அவர் நாவலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். 1990களில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்பனையான எழுத்தாளர்களுள் அவர் ஒருவர். அவருடைய நூல்கள் உலகெங்கும் 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுள்ளன. எனினும் நகைச்சுவை, மிகுபுனைவு என்னும் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து அவரை நெடுநாள் இலக்கிய மதிப்பீட்டின் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தன; சிறுவர்களுக்காக எழுதிய 'தி அமேசிங் மாரிஸ்' என்னும் நாவலுக்குக் கார்னகி பதக்கம் கிடைத்தபோதுதான் முதன்மையான இலக்கியப் பரிசொன்று அவரைத் தேடி வந்தது.

அவர் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பீக்கன்ஸ்ஃபீல்டில், வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்த அவர், அவ்வூர்ப் பொது நூலகமே தமக்குக் கல்வி தந்தது என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, 1965இல் 'பக்ஸ் ஃப்ரீ பிரஸ்' என்னும் வட்டார வார இதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். வேலையில் சேர்ந்த அன்றே, சில மணி நேரத்துக்குள், செய்தி சேகரிக்கச் சென்ற இடத்தில் வாழ்வின் முதல் பிணத்தைக் கண்டதாகப் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். நீதிமன்ற வழக்குகள், ஊர்மன்றக் கூட்டங்கள், விபத்துகள், மரண விசாரணைகள் என்று பல ஆண்டுகள் அலைந்த பழக்கம் அவருடைய எழுத்தின் அடித்தளமாயிற்று. 1980இல் அவர் மத்திய மின் உற்பத்தி வாரியத்தின் செய்தித் தொடர்பு அலுவலரானார். அணு மின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு விளக்கம் தரும் பொறுப்பு அது. அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்து முடிந்திருந்த நேரம். 1987இல் அவ்வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். மனிதர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதையும் கவனிக்கும் செவி, பத்திரிகைத் தொழிலும் இந்த அலுவலகமும் அவருக்குத் தந்த செல்வம்.

அகன்ற கருப்புத் தொப்பியும் வெண்தாடியும் கண்டு, பிராட்செட்டைக் குறும்பும் கனிவும் நிறைந்த தாத்தா என்று எண்ணியவர்கள் பலர். அவரோடு சேர்ந்து 1990இல் 'குட் ஓமன்ஸ்' என்னும் நாவலை எழுதிய நீல் கெய்மன், இந்த எண்ணம் தவறானது என்றும், பிராட்செட்டை இயக்கியது கோபமே என்றும் 2014இல் எழுதினார். நூல்களை ஊன்றிப் படித்தவர்களுக்கு இது வியப்பளித்திருக்காது. 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில், நகரக் காவலர் தலைவர் சாம் வைம்ஸ் காலணிகளைப் பற்றிச் சிந்திக்கும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. நல்ல தோல் காலணி ஒரு ஜோடி ஐம்பது டாலர். அது பத்தாண்டுகள் உழைக்கும். மட்டமானது பத்து டாலர். ஓரிரு பருவத்தில் அடிப்பகுதி பிய்ந்துவிடும். ஐம்பது டாலரை ஒரே தடவையில் எடுத்துவைக்க இயலாத ஏழை, அதே பத்தாண்டுகளில் மட்டமான காலணிகளுக்கு நூறு டாலர் செலவழிப்பான். அப்போதும் அவனுடைய கால்கள் ஈரத்தில்தான் இருக்கும். வறுமையே செலவு பிடித்த வாழ்க்கை என்னும் பொருளியல் உண்மையை, காவலன் ஒருவனின் தேய்ந்த காலணியில், அவன் தெருக்கல்லைக் காலால் உணரும் நிலையில், இவ்வளவு எளிதாகச் சொன்ன புனைகதைகள் மிகச் சிலவே. 2022இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தைத் தனியே அளக்க முயன்றவர்கள், பிராட்செட்டின் குடும்பத்தார் இசைவுடன் அந்த அளவீட்டுக்கு வைம்ஸின் காலணிப் பெயரையே சூட்டினர். சிரிப்பு முதலில் வரும், சினம் பின்னால் வந்து தங்கும் என்பதே அவருடைய நடையின் இயல்பு.

அவர் படைத்த பாத்திரங்களில் வாசகர்கள் மிகவும் நேசித்தது மரணத்தை என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 'டெத்' என்று பெயரிட்டு, கரிய அங்கி போர்த்திய எலும்புருவாக வரும் அப்பாத்திரம் பேசுவதெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மேற்கோள் குறியின்றி அச்சாகும். அவன் கொல்பவன் அல்லன். வாழ்வு முடிந்த இடத்தில் வந்து நிற்பவன். பூனைகளிடம் பிரியம் கொண்டவன். மனிதர்கள் தம் குறுகிய ஆயுளை இத்தனை சின்னஞ்சிறு வேலைகளால் ஏன் நிரப்புகிறார்கள் என்று புரிந்துகொள்ள முயன்று, முடியாமல், அவர்கள்மேல் இரக்கம் கொள்பவன். 'மார்ட்' (1987) நாவலில் அவன் பயிற்சியாளன் ஒருவனைச் சேர்த்துக்கொள்கிறான். 'ரீப்பர் மேன்' (1991) நாவலில் தானே சாகவேண்டிய நிலைக்கு உள்ளாகி, வயல் அறுப்புக் கூலியாக வேலை செய்கிறான். சாவை எதிர்நோக்கியிருந்த வாசகர்கள் பலர், தங்களை அழைக்க வருபவன் இத்தகையவனாக இருக்கவேண்டும் என்று பிராட்செட்டுக்குக் கடிதம் எழுதினர் என்றும், அக்கடிதங்களைப் படித்தபின் நெடுநேரம் சுவரை வெறித்தபடி இருக்க நேர்ந்தது என்றும் அவர் கூறியதுண்டு. மரணத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருந்தவருக்கு அது முன்கூட்டியே ஆளனுப்பியது என்பதால், நோய்ச் செய்தி வாசகர்களைக் கூடுதலாகவே தாக்கிற்று.

நோயின் பெயர் போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோஃபி. மூளையின் பின்புறப் புறணி சுருங்குதல் என்று தமிழில் விளக்கலாம். 1988இல் அமெரிக்க நரம்பியலாளர் ஃபிராங்க் பென்சனும் அவருடைய குழுவினரும் இதைத் தனி நோய்க்குறியாக வரையறுத்தனர். மூளையில் அல்சைமர் நோய் உண்டாக்கும் அதே சிதைவுதான் பெரும்பாலும் இதற்கும் காரணம். ஆனால் தாக்கும் இடம் வேறு. வழக்கமான அல்சைமர், நினைவைப் பதிக்கும் பகுதியில் தொடங்குவதால் மறதியே முதல் அறிகுறியாகும். இவ்வகையோ, கண் அனுப்பும் செய்தியைக் கோத்துக் காட்சியாக்கும் பின்மூளையில் தொடங்குகிறது. கண்ணில் பழுது இராது. மேசைமேல் கண்ணெதிரே இருக்கும் கோப்பையை மூளை காணாது. சட்டையின் கை எது, கழுத்து எது என்று பிரித்தறிவது உழைப்பாகிவிடும். படிக்கும் வரி நழுவிப்போகும். நோயாளிகள் பலர் முதலில் கண்ணாடியைத்தான் மாற்றிப் பார்க்கின்றனர். ஐம்பது முதல் அறுபத்தைந்து வயதுக்குள் தொடங்கும் இந்நோயில் நினைவும் மொழியும் நகைச்சுவை உணர்வும் தொடக்க ஆண்டுகளில் பெரிதும் காக்கப்படுகின்றன என்பது ஓர் ஆறுதல். தன்னிடமிருந்து எது போய்க்கொண்டிருக்கிறது என்பதை நோயாளி தெளிவாக அறிந்திருக்க நேர்கிறது என்பது அதன் கொடுமை. பிராட்செட்டுக்குத் தட்டச்சில் பிழைகள் மலிந்தன. 2007 ஆகஸ்டில், சில ஆண்டுகளுக்கு முன் வந்துபோன சிறு பக்கவாதமே காரணம் என்று தவறாகக் கணிக்கப்பட்டது. உண்மை தெரிய டிசம்பர் ஆயிற்று.

அவர் அதை மறைக்கவில்லை. தம் நூல்களுக்கு ஓவியம் வரைந்த பால் கிட்பியின் இணையப் பக்கத்தில் வெளியிட்ட சிறு அறிக்கையில், நோயை ஒரு பெருந்தொல்லை என்று கொச்சை மொழியில் குறிப்பிட்டு, எல்லாரும் உற்சாகமாக இருக்குமாறு கேட்டுக்கொண்டு, தாம் இன்னும் சாகவில்லை என்பதே இந்த அறிவிப்பின் பொருள் என்றும், எழுத வேண்டிய புத்தகங்கள் உள்ளன என்றும் தெரிவித்தார். டிமென்ஷியா என்னும் அறிவுத்திறன் சிதைவு, குடும்பங்கள் வாய்திறவாமல் மூடிவைக்கும் நோயாகவே பிரிட்டனிலும் அன்று இருந்தது. புற்றுநோய் என்ற சொல்லை ஒரு காலத்தில் உச்சரிக்கவும் அஞ்சியதைப் போன்றதே இது என்றும், பேயை அடக்க அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றும் அவர் கருதினார். 2008 மார்ச்சில், அல்சைமர் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 10 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். புற்றுநோய் ஆய்வுக்குச் செலவாகும் தொகையில் மூன்று விழுக்காடே இந்நோயின் ஆய்வுக்குக் கிடைக்கிறது என்று அப்போது சுட்டிக்காட்டினார். வாசகர்கள் அதற்கு ஈடான தொகையைத் தாங்களும் திரட்ட முனைந்தனர். உறவினருக்குரிய கடமை தங்களுக்கு இல்லை என்ற நிலையில் திகைத்திருந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த வேலையை அவரே கொடுத்தார் என்பதில் அவருடைய பெருந்தன்மை விளங்குகிறது.

அவர் உட்கொண்ட மருந்து அரிசெப்ட் என்னும் பெயரில் விற்கப்படும் டொனெபெசில். அது நோயைக் குணப்படுத்துவதில்லை. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஒன்று விரைவில் சிதையாமல் காத்துச் சில காலம் தெளிவு தருகிறது. அன்றைய பிரிட்டிஷ் பொதுச் சுகாதார விதிகளின்படி நோய் நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கே அம்மருந்து இலவசமாகக் கிடைத்தது; தொடக்க நிலையில் இருந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிராட்செட் சொந்தப் பணத்தில் வாங்கினார். தம்மால் இயன்றது பிறரால் இயலாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். பிரதமர் கார்டன் பிரௌனைச் சந்தித்து ஆராய்ச்சி நிதியை உயர்த்தும்படி கோரினார். மருந்து குறித்த அவ்விதி 2011இல் தளர்த்தப்பட்டது. 2009இல் பிபிசி இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், நோயை அளக்கும் சோதனைகளுக்கு அவர் உட்படுவதையும், பயன் உறுதிப்படாத ஒளிபாய்ச்சும் தலைக்கவசம் ஒன்றை நம்பிக்கையோடு அணிந்து பார்ப்பதையும் மக்கள் கண்டனர். ஆயிரக்கணக்கான பக்கங்களில் உலகின் ஒவ்வொரு மூலையையும் கூர்ந்து வரைந்தவர், எளிய கோட்டுருவம் ஒன்றைப் பார்த்து வரைய முயன்று தடுமாறியதைக் காண்பது வாசகருக்கு எளிதாக இல்லை. அவர் அதைக் காணச் செய்தார். கண்களைத் திருப்பிக்கொள்ள விடவில்லை.

எழுதும் முறையில் நேர்ந்த மாற்றத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும். பிராட்செட் கணினியோடு வளர்ந்த எழுத்தாளர். அவருடைய எழுதுமேசையில் ஆறு கணினித் திரைகள் இருந்தன. ஆறு எதற்கு என்று கேட்டவர்களிடம், எட்டு வைக்க இடமில்லை என்று விடை சொல்வார். விரல்கள் தாமாகவே எழுத்துகளைத் தேடிச் செல்லும் பத்திரிகையாளரின் தட்டச்சு வேகம் அவருக்கு இருந்தது. நோய் முதலில் பறித்தது அதையே. விசைப்பலகையில் எழுத்துகள் ஒளிந்துகொள்ளத் தொடங்கின. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டும் நிலை வந்தது. அதன்பின் அவர் உதவியாளர் ராப் வில்கின்ஸிடம் சொல்லச்சொல்ல எழுதவைத்தும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைப் பழக்கியும் நாவல்களைத் தொடர்ந்தார். பேசுவது மனிதனுக்கு இயற்கை, தட்டச்சு செய்வது செயற்கை என்று அவர் அதை மகிழ்ச்சியோடே ஏற்றுக்கொண்டார்.

ஆயினும் நகைச்சுவை வாக்கியம் என்பது காதால் மட்டும் அமைவதில்லை. அது பக்கத்தில் எங்கே முடிகிறது, அடுத்த பத்தி எந்த இடத்தில் தொடங்குகிறது, அடிக்குறிப்பு எந்தச் சொல்லின் தலையில் ஏறுகிறது என்பவையெல்லாம் சிரிப்பின் பகுதிகள். அடிக்குறிப்பு என்பது ஆய்வு நூல்களில் சான்று காட்டுவதற்கு உரிய கருவி. பிராட்செட் அதைக் கதையின் ஓரத்தில் நின்று குறுக்குப் பேச்சு பேசும் இரண்டாம் குரலாக்கினார். பெரியவர்களுக்கான அவருடைய நாவல்கள் பெரும்பாலும் அத்தியாயங்களாகப் பிரிக்கப்படாதவை. நீண்ட ஓட்டத்துக்குள் காட்சிகளை வெட்டியும் ஒட்டியும் மேலும் கீழும் நகர்த்தியும் வடிவம் காண்பது அவருடைய வழக்கம். இப்பணி முழுவதும் கண்ணால் பக்கத்தை அளக்கும் ஆற்றலைச் சார்ந்தது. நோய் தின்றதும் அந்த ஆற்றலையே. அவருடைய பிற்கால நூல்களில் காணப்படும் மாற்றங்களைச் சொல்வளம் குன்றியதன் அடையாளமாகக் கொள்வதைவிட, கண்ணும் கையும் செய்துவந்த வேலையைக் காதும் நாவும் ஏற்றதன் விளைவாகக் கொள்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒரு சோதனை வந்தது. நோயறிந்த பின் வெளிவந்த ஒவ்வொரு நூலையும் அவர்கள் மருத்துவரைப் போலப் படிக்கத் தொடங்கினர். இத்தகைய வாசிப்புக்கு அறிவியல் முன்னோடி உண்டு. நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் 1999இல் அல்சைமர் நோயால் மறைந்தபின், நரம்பியலாளர் பீட்டர் கரார்டும் பிறரும் அவருடைய முதல் நாவலையும், 1978இல் புக்கர் பரிசு பெற்ற நாவலையும், 1995இல் வெளிவந்த கடைசி நாவலையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். வாக்கிய அமைப்பு பெரிதும் மாறாதிருக்க, கடைசி நாவலில் சொற்களின் வகை சுருங்கியிருந்தது தெரியவந்தது. நோய் கண்டறியப்படுமுன்பே அது எழுத்தில் புகுந்திருந்தது. அறிவியலுக்கு இது மதிப்புமிக்க முடிவு. ஆனால் உயிரோடிருக்கும் எழுத்தாளர் ஒருவரின் புதிய நாவலை இந்தக் கண்ணோடு திறப்பது, விருந்துக்கு அழைத்தவரின் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உணவருந்துவதற்குச் சமம்.

நடந்ததை நேர்மையாகச் சொல்வதானால், நூல்கள் ஒரே சீராகச் சரியவில்லை. 2008இல் வெளிவந்த 'நேஷன்', டிஸ்க்வேர்ல்டைச் சாராதது. பேரலை ஒன்று தன் இனத்தார் அனைவரையும் கொண்டுபோன தீவில், தனித்து எஞ்சிய சிறுவன் மாவ், இறந்தவர்களை ஒவ்வொருவராகக் கடலில் சேர்த்துவிட்டுக் கடவுளரிடம் கணக்குக் கேட்கும் கதை. கரை ஒதுங்கிய உடல்களை அவன் இழுத்துச் செல்லும்போது தன் பெயரையும் உணர்வையும் ஒதுக்கிவைத்து, கைகளை மட்டும் வேலை செய்ய விடுகிறான். 2004 டிசம்பரில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளில் நடந்ததை அறிந்த தமிழ் வாசகர் அந்தப் பக்கங்களை விரைந்து கடக்க இயலாது. தாம் எழுதியவற்றில் சிறந்தது இதுவே என்று பிராட்செட் கருதினார். அக்கருத்தை மறுப்பது கடினம். 2010இல் வந்த 'ஐ ஷல் வேர் மிட்நைட்', பெண்களைச் சூனியக்காரிகள் என்று வேட்டையாடும் வெறுப்பு ஓர் ஊருக்குள் எவ்வாறு கசிகிறது என்பதைக் காட்டும் உறுதியான நாவல். 2011இன் 'ஸ்னஃப்' தளர்ந்த இடங்களைக் கொண்டதாயினும், கோப்ளின்கள் என்னும் ஒடுக்கப்பட்ட இனத்தின் துயரைச் சொல்லும் இடத்தில் பழைய சினம் முழு வலிமையோடு நிற்கிறது. 2013இல் வந்த 'ரெய்சிங் ஸ்டீம்' அப்படிப்பட்டதன்று. டிஸ்க்வேர்ல்டுக்கு இரயில் வரும் அக்கதையில் பாத்திரங்கள் ஒரே குரலில் நீண்ட உரைகள் ஆற்றுகின்றனர். ஒரு புருவ அசைவால் நகரையே ஆண்டுவந்த ஆட்சியாளர் வெட்டினாரி கூட அதிகம் பேசுகிறார்.

அந்நாவலைக் குறை சொன்னவர்கள் இரக்கமற்றவர்கள் என்று அன்று சிலர் எண்ணினர். இக்கட்டுரையின் கருத்து வேறு. நோயுற்ற எழுத்தாளரின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே வாயால் புகழ்வது, அவரை எழுத்தாளர் என்ற நிலையிலிருந்து இறக்கி நோயாளி என்ற நிலையில் மட்டும் வைப்பதாகும். தளர்ந்த நாவலைத் தளர்ந்தது என்று சொன்ன வாசகர், 'நேஷன்' நாவலைப் பெரும்படைப்பு என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு மதிப்பு இருந்தது. பிராட்செட் வேண்டியதும் வாசகர்களையே. அனுதாபம் காட்டுவோரை அவர் பொறுமையின்றியே எதிர்கொண்டார்.

2009ஆம் ஆண்டின் புத்தாண்டுப் பட்டியலில் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. வீரத்திருமகன் ஆனவனுக்கு வாள் வேண்டும் என்று, தம் வீட்டுக்கு அருகில் கிடைத்த இரும்புக்கனிமத்தைத் தோண்டியெடுத்து, விண்கல் துண்டுகள் சிலவற்றையும் சேர்த்து உருக்கி, கொல்லர் ஒருவரின் துணையோடு தமக்கென வாள் ஒன்று செய்துகொண்டார்.

2010 பிப்ரவரி 1 அன்று, பிபிசி ஆண்டுதோறும் ஒளிபரப்பும் ரிச்சர்ட் டிம்பிள்பி நினைவுச் சொற்பொழிவு அவருடையதாக அமைந்தது. நாவலாசிரியர் ஒருவர் அதை ஆற்றுவது அதுவே முதல் முறை. எழுதிய உரையைத் தாமே வாசிக்கக் கண் ஒத்துழைக்காததால், சிறு முன்னுரைக்குப் பின் அவர் அமர்ந்துகொள்ள, நடிகர் டோனி ராபின்சன் அவருக்காக அதை வாசித்தார். எழுதியவர் தம் சொற்களை வேறொருவர் வாயில் கேட்டபடி அமர்ந்திருந்த அந்தக் காட்சியில், நோய் எதைப் பறித்தது, எதைத் தொடவில்லை என்பது ஒருங்கே புலப்பட்டது. கணையப் புற்றுநோயால் இறந்த தம் தந்தையோடு பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிக்க அந்தக் கடைசி ஓராண்டில் வாய்த்ததையும், இறுதி இரண்டு வாரங்கள் தந்தை தம்மையே இழந்து கிடந்ததையும் அவ்வுரை நினைவுகூர்ந்தது. தீரா நோயாளி தெளிந்த மனத்தோடு விரும்பினால் மருத்துவத் துணையோடு சாவைத் தேர்ந்துகொள்ள உரிமை வேண்டும் என்றும், அவ்விருப்பம் பிறர் வற்புறுத்தலால் வந்ததா என்பதைச் சட்ட வல்லுநரும் மருத்துவரும் அடங்கிய தீர்ப்பாயம் ஆராயவேண்டும் என்றும், அந்தத் தீர்ப்பாயத்தின்முன் முதல் ஆளாகத் தாமே நிற்க ஆயத்தம் என்றும் அது முன்மொழிந்தது. தம் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலியில் அமர்ந்து, தாமஸ் டாலிஸின் இசையைக் கேட்டபடி விடைபெற விரும்புவதாக அவர் கூறியிருந்தார். 2011இல், மோட்டார் நியூரான் நோயால் வருந்திய ஒருவர் சுவிட்சர்லாந்தில் தாமே தேர்ந்த சாவை அடைவதுவரை உடன் சென்று அவர் எடுத்த ஆவணப்படம், பாஃப்டா விருதையும் கடும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றது. ஊனமுற்றோரும் முதியோரும் தாங்கள் பிறருக்குச் சுமை என்று எண்ணத் தள்ளப்படுவார்கள் என்ற எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவருடைய வாசகர்களிலேயே பலர் அதை ஏற்றனர். அவரிடம் கொண்ட பற்று குறையாமலே அவரோடு உடன்படாதிருக்க முடிந்தது.

2014 கோடையில் மான்செஸ்டரில் நடந்த டிஸ்க்வேர்ல்ட் மாநாட்டுக்கு வர இயலாது என்று அவர் தெரிவித்தார். ஈராண்டுக்கு ஒருமுறை கூடும் அம்மாநாடுகளில், வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்டு ஒரு வார்த்தையாவது பேசியனுப்பியவர் அவர். நோய் தம்மை எட்டிப் பிடித்துவிட்டது என்ற அவருடைய செய்தியின் பொருள் எல்லாருக்கும் விளங்கிற்று. 2015 மார்ச் 12 அன்று, வில்ட்ஷயரில் உள்ள தம் வீட்டில், குடும்பத்தார் சூழ, கட்டிலில் பூனை உறங்கிக்கொண்டிருக்க, 66ஆம் வயதில் நோயாலேயே இயற்கையாக மறைந்தார். அவருடைய ட்விட்டர் கணக்கில் அச்செய்தி, 'டெத்' பேசும் அதே பெரிய எழுத்துகளில் வந்தது. மரணத்தின் கையைப் பற்றி அவர் பின்தொடர்ந்து சென்றதாக அடுத்த செய்தி அறிவித்தது.

'கோயிங் போஸ்டல்' (2004) நாவலில், கோபுரத்துக்குக் கோபுரம் ஒளிச்சைகையால் செய்தி அனுப்பும் தொழிலாளர்கள், பணியில் இறந்த தோழர்களின் பெயரைச் செய்திகளோடு சேர்த்து அனுப்பி, கடைசிக் கோபுரத்தை எட்டியதும் திருப்பியனுப்பி, ஓயாமல் பயணிக்கச் செய்வார்கள். அதற்கென மூன்று எழுத்துக் குறி ஒன்று உண்டு: அனுப்பு, பதியாதே, முனையில் திருப்பு. வாசகர்களில் கணினித் தொழில் செய்வோர் அக்குறியையும் பிராட்செட்டின் பெயரையும் தங்கள் இணையதளங்களின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் சேர்த்தனர். இன்றும் அது எண்ணற்ற வழங்கிகளுக்கிடையே போய்வந்துகொண்டிருக்கிறது.

2015 ஆகஸ்டில் வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்' நாவலின் தொடக்கத்தில், பல நூல்களின் முதுகெலும்பாக விளங்கிய சூனியக் கிழவி கிரானி வெதர்வாக்ஸ் தன் சாவு நாளை முன்னறிகிறாள். குடிலைக் கழுவித் துடைக்கிறாள், கழிவறையையும் விடவில்லை. பிரம்பால் தன் பெட்டியைத் தானே முடைகிறாள். குளித்து, நல்லாடை உடுத்து, படுத்துக்கொள்கிறாள். அந்நூல் முழுமையாகத் திருத்தப்படவில்லை என்றும், காலம் இருந்திருந்தால் ஆசிரியர் இன்னும் எழுதியிருப்பார் என்றும் வில்கின்ஸ் பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். பிற்பகுதி மெலிந்திருப்பது உண்மை. கிழவி இறக்கும் அந்தப் பக்கங்களோ அவர் எழுதியவற்றுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. அதில் அழுகைக்கு இடமே தரப்படவில்லை. வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கப்படுகின்றன, அவ்வளவே.

முடிவுறாத நாவல்கள் அடங்கிய கணினி வன்தட்டை நீராவிச் சாலை உருளையால் நசுக்கிவிடவேண்டும் என்பது பிராட்செட்டின் விருப்பம். 2017 ஆகஸ்டில், டார்செட்டில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில் வில்கின்ஸ் அதை நிறைவேற்றினார். உருளை பலமுறை ஏறியும் முற்றிலும் நொறுங்காத தட்டு, பிறகு கல் உடைக்கும் இயந்திரத்தில் இடப்பட்டது. அதில் பத்து நாவல்கள்வரை இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வேறொருவர் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களைத் தொடரமாட்டார் என்று அவருடைய மகள் ரியானாவும் உறுதியளித்தார். வாசகர்களில் சிலர் வருந்தினர் என்றாலும், அந்த முடிவை மதிக்காதவர் அரிது. அந்த வன்தட்டுக்கு வெளியே எஞ்சியவையும் உண்டு. நாவலாசிரியராகப் புகழ்பெறுமுன், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரைக் கொண்டு பேட்ரிக் கேர்ன்ஸ் என்னும் புனைபெயரில் அவர் எழுதியிருந்த சிறுகதைகள், முன்பே அச்சாகி மறக்கப்பட்டவை. அவற்றைத் தேடியவர்கள் பழைய வாசகர்களே. பிரிட்டிஷ் நூலகத்தில் 1970, 80களின் செய்தித்தாள் கட்டுகளை அவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டெடுத்த அக்கதைகள், 2023 அக்டோபரில் 'எ ஸ்ட்ரோக் ஆஃப் தி பென்' என்னும் தொகுப்பாயின. இளைஞர் ஒருவர் வார ஊதியத்துக்கிடையே அவசரமாக எழுதிய எளிய கதைகள் அவை. நோயின் தடயம் தேடவேண்டிய தேவை எதுவுமின்றி, அவரை முதன்முதலாகப் படித்த நாள்களில் படித்ததைப் போலவே, வாசகர்கள் அவற்றைப் படித்துச் சிரித்தனர்.